திறந்த லினக்ஸ் கைபேசி எத்தனை ஆண்டு உழைக்கும்? வன்பொருள் வரம்புகளை அறிந்து ஆயுளை நீட்டிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வழக்கமான திறன்பேசியின் ஆயுளைத் தயாரிப்பாளரின் புதுப்பிப்பு அட்டவணைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. திரையில் கீறல் இல்லாவிட்டாலும், மின்கலம் தளராவிட்டாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன நாளிலிருந்து அந்தக் கருவியை நம்பி முக்கியமான வேலை எதையும் ஒப்படைக்க முடிவதில்லை. மென்பொருளை யாரும் திருத்திப் பராமரிக்கக்கூடிய திறந்த லினக்ஸ் கைபேசிகள் இந்தக் காரணத்தைப் பெரிதும் நீக்கிவிடுகின்றன. அது நீங்கியவுடன், அதன் பின்னால் மறைந்திருந்த மற்ற வரம்புகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன: வலையமைப்பு மாறும்போது பேச மறுக்கும் மோடம், ரேம் போதாமல் தானாக மூடிக்கொள்ளும் உலாவி, எழுதி எழுதித் தேய்ந்துபோகும் சேமிப்பகம், ஆட்டம் காணும் யுஎஸ்பி துளை. எனவே இத்தகைய கைபேசியை வாங்கும் முன்பும், வாங்கிய பிறகு ஆண்டுக்கொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கருவியில் எது முதலில் கைவிடும், அதை மாற்ற வழி உண்டா?

இதற்கு நோக்கியா என்900 நல்ல சான்று. 2009-இல் வெளிவந்த அந்தக் கைபேசியில் 256 எம்பி ரேம் மட்டுமே உண்டு. தயாரிப்பாளர் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், அதன் வன்பொருளுக்கான ஆதரவு லினக்ஸின் பொதுவான மூலக் கெர்னலிலேயே (வன்பொருளை ஆளும், இயங்குதளத்தின் மையப் பகுதி) இருப்பதால், மேமோ லெஸ்டே போன்ற இயங்குதளங்கள் அதில் இன்றும் ஏறுகின்றன. மென்பொருள் சாகவில்லை. ஆனால் அதன் வானொலிப் பகுதி 3ஜி வரைதான் அறியும். 3ஜியும் 2ஜியும் அணைக்கப்பட்ட இடங்களில் அது இணையத்துக்கு வைஃபையை மட்டுமே நம்பியிருக்கிறது. பலருடைய என்900 அதற்கும் முன்பே, பலகையிலிருந்து பெயர்ந்துவிட்ட மைக்ரோ யுஎஸ்பி துளையால் முடங்கிப் போனது.

முதல் படி: கெர்னல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

'லினக்ஸ் கைபேசி' என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வகைக் கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றின் ஆயுளும் மூன்று விதமானது.

முதல் வகை, லினக்ஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பைன்64 நிறுவனத்தின் பைன்ஃபோன், பைன்ஃபோன் ப்ரோ, பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரம் 5 ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வகை, ஆண்ட்ராய்டுக்காக விற்கப்பட்டு, பிறகு ஆர்வலர்களின் உழைப்பால் மூலக் கெர்னலுக்கு அருகில் கொண்டுவரப்பட்டவை. ஸ்னாப்டிராகன் 845 பிராசசர் கொண்ட ஒன்பிளஸ் 6 இவற்றில் நன்கு அறியப்பட்டது. மூன்றாம் வகையில், தயாரிப்பாளர் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு கெர்னலும் அதன் மூடிய டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) அப்படியே இருக்க, அவற்றின் மேல் ஹேலியம் போன்ற ஓர் இடைப்பாலத்தின் வழியாக லினக்ஸ் சூழல் ஓடுகிறது. உபுண்டு டச் என்னும் கைபேசி இயங்குதளம் ஓடும் பெரும்பாலான கருவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. செயில்ஃபிஷ் இயங்குதளமும் ஆண்ட்ராய்டு டிரைவர்களை லிப்ஹைப்ரிஸ் என்னும் பாலத்தின் வழியாகவே பயன்படுத்துகிறது.

மூன்றாம் வகையை நான் இழிவாகச் சொல்லவில்லை. கேமரா, அழைப்பு, மின்சேமிப்பு ஆகியவை அன்றாடப் பயன்பாட்டில் அங்கேதான் பெரும்பாலும் சீராக வேலை செய்கின்றன. ஆனால் அதன் கெர்னல், தயாரிப்பாளர் விட்ட பதிப்பிலேயே உறைந்து நிற்கும். முன்பு இதைச் சமாளிக்க ஒரு வழி இருந்தது: நீண்டகால ஆதரவு பெறும் கெர்னல் பதிப்புகளுக்கு ஆறு ஆண்டுகள் வரை திருத்தங்கள் கிடைத்து வந்தன. அந்த ஆதரவுக் காலம் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பொருள், ஒரே கெர்னல் பதிப்பைப் பிடித்துக்கொண்டு பத்து ஆண்டு ஓட்டும் காலம் முடிகிறது. அடுத்தடுத்த பதிப்புகளுக்குத் தாவ முடிந்த கருவிதான் நெடுநாள் பாதுகாப்பாக இருக்கும். டிரைவர்கள் மூலக் கெர்னலுக்குள் சென்றிருந்தால் அந்தத் தாவல் எளிது. வெளியே இருந்தால் ஒவ்வொரு தாவலும் யாரோ ஒருவருடைய இரவு உழைப்பு.

இதைச் சோதிக்க, கைபேசிகளுக்கான லினக்ஸ் இயங்குதளமான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டத்தின் கருவிப் பட்டியல் மிகவும் உதவும். 2017-இல் தொடங்கிய அத்திட்டம் கைபேசிகளுக்குப் பத்து ஆண்டு ஆயுள் என்பதையே தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. உங்கள் கருவியின் பக்கத்தில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். ஒன்று, கெர்னல் மூலக் கிளையைச் சேர்ந்ததா, அதற்கு நெருக்கமானதா, தயாரிப்பாளரின் பழைய கிளையா. இரண்டு, கருவி சோதனைப் பிரிவில் இருக்கிறதா, சமூகப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறதா. மூன்று, பராமரிப்பவர் எத்தனை பேர். ஒரே ஒருவர் தனியாகச் சுமக்கும் கருவி இன்று எவ்வளவு நன்றாக இயங்கினாலும், அவருக்கு ஆர்வமோ நேரமோ குறையும் நாளில் அதன் வளர்ச்சி நின்றுவிடும். பைன்ஃபோனுக்கும் கூட, மூலக் கெர்னலுக்குள் சேராத திருத்தங்களின் பெரிய அடுக்கு ஒன்று நெடுங்காலம் தனியே சுமக்கப்பட்டே வந்திருக்கிறது; 'லினக்ஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டது' என்ற சொல்லை மட்டும் நம்பி இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

இரண்டாம் படி: மோடத்தைத் தனிக் கருவியாக மதிப்பிடுங்கள்

திறந்த கைபேசிகளில் முதலில் காலாவதியாகும் வாய்ப்பு அதிகம் உள்ள பகுதி மோடம்தான் என்பது என் கணிப்பு. பிராசசர் மெதுவானால் பொறுத்துக்கொள்ளலாம், மின்கலம் தளர்ந்தால் மாற்றலாம். அழைப்பு போகாத கைபேசியைக் கைபேசி என்று வைத்துக்கொள்வது கடினம்.

பைன்ஃபோனிலும் பைன்ஃபோன் ப்ரோவிலும் குவெக்டெல் ஈஜி25-ஜி என்னும் 4ஜி மோடம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது உண்மையில் தனியொரு சிறு கணினி. குவால்காம் சில்லு ஒன்றின் மேல் தனக்கென ஒரு லினக்ஸையே ஓட்டிக்கொண்டு, யுஎஸ்பி வழியாக முதன்மைப் பிராசசருடன் பேசுகிறது. அந்த உள் லினக்ஸுக்கு மாற்றாக ஆர்வலர்கள் உருவாக்கிய ஃபர்ம்வேரும் (சில்லுக்குள் இயங்கும் அடிப்படை மென்பொருள்) உண்டு. ஆயினும் வானொலிச் சமிக்ஞைகளைக் கையாளும் அடிப்பகுதி மூடியதாகவே இருக்கிறது. லிப்ரம் 5-இல் மோடம் ஒரு எம்.2 அட்டையாகச் செருகப்பட்டிருக்கிறது; வைஃபை அட்டையும் அவ்வாறே. திருகுகளைக் கழற்றி அட்டையை மாற்றலாம் என்பதால், ஆயுள் கணக்கில் லிப்ரம் 5-க்குக் கிடைக்கும் மிகப் பெரிய மதிப்பெண் இதுவே. ஆனாலும் எந்த எம்.2 மோடத்தையும் செருகிவிட முடியாது: அளவு, மின்தேவை, குரல் ஒலிக்கான இணைப்பு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மடிக்கணினிகளுக்காக விற்கப்படும் அட்டைகள் பலவற்றில் குரலுக்கான இணைப்பே இருப்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில், உங்கள் சேவை நிறுவனம் பயன்படுத்தும் 4ஜி அலைவரிசைப் பட்டைகளை எழுதிக்கொண்டு, மோடத்தின் தொழில்நுட்பத் தாளில் உள்ள பட்டைகளுடன் ஒப்பிடுங்கள். லிப்ரம் 5-இன் மோடம் அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என இரு வடிவங்களில் வந்தது. பழைய கருவியை வாங்குபவர்கள் இதைக் கேட்க மறந்துவிடக் கூடாது.

அடுத்து, 4ஜி வலையமைப்பின் வழியே குரலை அனுப்பும் வோ-எல்டிஇ வசதி உங்கள் கருவியிலும் உங்கள் சேவை நிறுவனத்திலும் சேர்ந்து இயங்குகிறதா என்று பாருங்கள். தரவு இணைப்பு வேலை செய்கிறது என்பது இதற்குச் சான்றாகாது. பல கருவிகள், அழைப்பு வரும்போது அமைதியாக 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசுகின்றன. அந்தப் பழைய வலையமைப்பு அணையும் வரை குறை வெளியே தெரியாது. சோதிக்கும் முறை எளிது: அமைப்புகளில் வலையமைப்பு வகையை 4ஜி மட்டும் என்று கட்டாயப்படுத்திவிட்டு, வெளிச்செல்லும் அழைப்பு, உள்வரும் அழைப்பு, குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் தனித்தனியே முயன்று பாருங்கள். தோற்றால், ஈஜி25-ஜி போன்ற மோடங்களில் சேவை நிறுவனவாரியான அமைப்புக் கோப்புகள் உள்ளேயே இருக்கும். உங்களுடையதற்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுத்து மோடத்தை மறுதொடக்கம் செய்தபின் மீண்டும் சோதிக்கலாம். ஸ்னாப்டிராகன் கருவிகளில் மூலக் கெர்னல் வழியாக வோ-எல்டிஇ பெறுவது இன்னும் கடினமான பகுதியாகவே இருக்கிறது. உபுண்டு டச் இயங்கும் கருவிகளிலும் எல்லாவற்றுக்கும் அது கிடைப்பதில்லை. கருவிவாரியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, சேவை நிறுவனம் கருவியை ஏற்கிறதா என்பது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜியை அணைத்தபோது, தம் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கருவிகள் 4ஜி திறன் பெற்றிருந்தும் மறுக்கப்பட்டதுண்டு. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி அணைந்தது; அங்கே 4ஜி வழியாக அவசர அழைப்பு செய்ய இயலாத கைபேசிகளை வலையமைப்பிலிருந்தே தடுக்க வேண்டும் என்பது விதி. இத்தகைய விதிகளின் முன் திறந்த மூல உரிமம் எதையும் காப்பாற்றாது. உங்கள் நாட்டில் 3ஜி எப்போது அணைகிறது, 2ஜி எப்போது அணைகிறது என்னும் இரு தேதிகளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வோ-எல்டிஇ இல்லாத கருவியின் ஆயுள் அந்தத் தேதிகளுக்கு மேல் போகாது.

மூன்றாம் படி: ரேமையும் வரைகலைச் சில்லையும் எடைபோட்டு இடைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள்

பைன்ஃபோனின் ஆல்வின்னர் ஏ64 பிராசசர் 2015-ஐச் சேர்ந்தது: நான்கு கார்டெக்ஸ்-ஏ53 கருக்கள், 1.15 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலான வேகம், 2 அல்லது 3 ஜிபி ரேம். லிப்ரம் 5-இன் ஐ.எம்எக்ஸ் 8எம் பிராசசரிலும் அதே நான்கு ஏ53 கருக்கள்தான், வேகம் 1.5 ஜிகாஹெர்ட்ஸ், ரேம் 3 ஜிபி. பைன்ஃபோன் ப்ரோவின் ஆர்கே3399எஸ்-இல் வேகமான ஏ72 கருக்கள் இரண்டு கூடுதலாக உண்டு. ரேம் 4 ஜிபி. ஆவணங்கள் இருக்கும், மூடிய டிரைவர் தேவைப்படாத, சிறிய அளவில் வாங்கினாலும் விற்கப்படும் சில்லுகளைத் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் இத்தகையவைதான். பழைய சில்லு என்பதில் ஆயுளுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஐ.எம்எக்ஸ் 8எம் தொழில்துறைக் கருவிகளுக்காகவும் விற்கப்படுவதால், குறைந்தது பத்து ஆண்டு விநியோகத்துக்கு அதன் தயாரிப்பாளர் உறுதி தந்திருக்கிறார். நுகர்வோர் கைபேசிச் சில்லுகளில் அத்தகைய உறுதி அரிது. ஃபேர்ஃபோன் 5, குவால்காமின் தொழில்துறைச் சில்லான கியூசிஎம்6490-ஐத் தேர்ந்ததற்கும் இதே கணக்குதான் காரணம்.

நடைமுறையில் முதலில் முட்டும் சுவர் கருக்களின் வேகமன்று, ரேம். இன்றைய இணையப் பக்கங்கள் மூன்று நான்கைத் திறந்தாலே 2 ஜிபி நிறைந்துவிடுகிறது. நிறைந்தபின் கெர்னல் எந்தச் செயலியைக் கொல்வது என்று தேடத் தொடங்கும். ரேமின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதி இயங்குகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பல இயங்குதளங்களில் அது இயல்பாகவே இருக்கும். இல்லையெனில் ரேமின் அளவுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ அமைத்துக்கொள்ளலாம். அதற்கு மாற்றாக, ரேம் நிறைந்தால் தரவை இறக்கிவைக்கும் ஸ்வாப் கோப்பை உள் சேமிப்பகத்தில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகமும் கிடைக்காது, சேமிப்பகத்தின் தேய்மானமும் கூடும்.

வரைகலையில் பைன்ஃபோனின் நிலை இன்னும் இறுக்கமானது. அதன் மாலி-400, 2008-இல் அறிவிக்கப்பட்ட வடிவமைப்பு. செயலிகள் வரைகலைச் சில்லுடன் பேசும் தரமான ஓபன்ஜிஎல் இஎஸ்-இல் 2.0-க்கு மேல் அதற்குத் தெரியாது. லைமா என்னும் திறந்த டிரைவர் எவ்வளவு மேம்பட்டாலும் சில்லில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. மேசைக்கணினி உலகில் இடைமுகங்களை வரையும் மென்பொருள் தொகுப்புகளும் உலாவிகளும் 3.0-ஐ எதிர்பார்த்து எழுதப்படும் போக்கு கூடிவருவதால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இந்தக் கருவி சற்றே கனமாகும். ஒன்பிளஸ் 6-இன் அட்ரினோ 630-க்கு ஃப்ரீட்ரீனோ என்னும் திறந்த டிரைவர் இருக்கிறது. ஓபன்ஜிஎல் இஎஸ் 3.2-உம், புதிய வரைகலைத் தரமான வல்கனும் அதில் இயங்குகின்றன. லினக்ஸுக்கென்றே பிறந்த கைபேசியைவிட, ஆண்ட்ராய்டிலிருந்து மீட்கப்பட்ட கைபேசி வரைகலையில் நெடுநாள் தாங்கும் என்பது சற்று முரணாகத்தான் தோன்றும்.

இதை வைத்து இடைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள். 4 ஜிபிக்கு மேல் ரேமும் நல்ல வரைகலையும் இருந்தால் ஃபோஷ், பிளாஸ்மா மொபைல், குனோம் ஷெல்லின் கைபேசி வடிவம் என எதையும் ஓட்டலாம். 3 ஜிபியில் ஃபோஷ் தாங்கும். 2 ஜிபி பைன்ஃபோனில் எஸ்எக்ஸ்எம்ஓ என்னும் எளிய இடைமுகம் கருவியைப் புதியதுபோல் ஓடச் செய்யும். பொத்தான்களையும் பட்டியல்களையும் நம்பியிருக்கும் அதன் பழக்கம் கைவரச் சில நாள் ஆகும், எல்லாருக்கும் பிடிக்காது. ஆண்ட்ராய்டுச் செயலிகளை ஓட்டும் வேட்ராய்டைப் பைன்ஃபோனில் முயலாமல் விடுவது நல்லது.

கேமராவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பைன்ஃபோனின் பின்கேமரா 5 மெகாபிக்சல்; ஆவணத்தையோ பலகை அறிவிப்பையோ படம்பிடிக்கப் போதும். உயர்ந்த உணரி இருக்கும் கருவிகளிலும், படத்தைச் செம்மைப்படுத்தும் மென்பொருள் அடுக்கு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. படம் முக்கியமென்றால் தனிக் கேமரா வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உறக்கத்தையும் மின்கலத்தையும் சேர்த்துப் பாருங்கள்

லினக்ஸ் கைபேசிகளின் மின்கலம் விரைவில் தீர்வதற்கு மின்கலத்தின் அளவு முதற்காரணமன்று. லிப்ரம் 5-இல் 4500 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் இருந்தும் குறை கூறப்பட்டது. ஆண்ட்ராய்டுச் சில்லுகள் ஆயிரம் சிறு உறக்கங்களால் மின்னைச் சேமிக்கின்றன, ஏ64, ஐ.எம்எக்ஸ் 8எம் போன்றவை முழுதாக விழித்திருக்கும் அல்லது முழுதாக உறங்கும். ஆகவே முழு உறக்கம் நம்பகமாக இயங்குகிறதா என்பதே மின்கல ஆயுளின் மையம். பைன்ஃபோனில் இதைச் சாத்தியமாக்கியது கிரஸ்ட் என்னும் திறந்த ஃபர்ம்வேர். ஏ64-க்குள் இருக்கும் சிறு துணைப் பிராசசரில் ஓடிக்கொண்டு, முதன்மைக் கருக்களையும் ரேமையும் அது உறங்கவைக்கிறது. லிப்ரம் 5-இல் உறக்கம் நெடுங்காலம் சோதனை நிலையிலேயே இருந்தது.

உறக்கத்துக்கு ஒரு விலை உண்டு. கருவி உறங்கும்போது விழித்திருப்பது மோடம் மட்டுமே. அழைப்பும் குறுஞ்செய்தியும் அதன் வழியாகக் கருவியை எழுப்பிவிடும். இணையத்தின் வழியே வரும் அரட்டைச் செய்திகளோ, கருவி தானே விழிக்கும்வரை காத்திருக்கும். குறித்த இடைவெளியில் விழித்துப் பார்க்கும் அமைப்பைப் பயன்படுத்துபவர்கள், இடைவெளியைக் குறைத்தால் மின்கலத்தில் கட்டணம் செலுத்துகிறார்கள். புதிதாக இயங்குதளம் ஏற்றியவுடன், கருவியை ஓரிரவு உறங்கவிட்டுக் காலையில் அழைத்துப் பாருங்கள். உறக்கத்திலிருந்து மீளும்போது மோடம் காணாமல் போகும் குறை பைன்ஃபோனில் நன்கு அறியப்பட்டது; பகலில் ஒருமுறை செய்யும் சோதனையில் அது சிக்காது.

மின்கலத்தைப் பேணுவதில் புதுமை ஏதுமில்லை, கடைப்பிடிப்பதுதான் அரிது. லித்தியம் மின்கலம் முழு சார்ஜிலும் வெப்பத்திலும் வேகமாக மூப்படைகிறது. மின்னேற்றம் நிற்க வேண்டிய அளவை அமைக்கும் வசதியை உங்கள் கருவியின் கெர்னல் டிரைவர் வெளிப்படுத்தினால் 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள். இல்லையெனில் இரவு முழுதும் செருகிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதி அளவில் வைத்து, மின்கலத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றி வையுங்கள். முழுதாகத் தீர்ந்துபோக விடுவது திறந்த கைபேசிகளில் கூடுதல் தொல்லை தரும்: சில கருவிகளில் மின்னேற்றத்தைச் சரியாக நடத்தும் டிரைவர் இயங்குதளம் ஏறிய பிறகே வேலைக்கு வருகிறது, ஏறுவதற்கோ மின் இருக்காது. பைன்ஃபோன் ப்ரோ உரிமையாளர்கள் இதை அறிவார்கள்.

மாற்று மின்கலம் கிடைக்குமா என்பதை இன்றே பாருங்கள். பைன்ஃபோனின் மின்கலம் சாம்சங் கேலக்சி ஜே7-இன் வடிவத்தைப் பின்பற்றுவதால் வெளியிலும் கிடைக்கும். ஆனால் வெப்ப உணரி இல்லாத அல்லது வேறு அளவு உணரி உள்ள மின்கலத்தைப் போட்டால், கருவி மின்னேற்ற மறுக்கலாம். ஒன்பிளஸ் 6-இல் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. பின்கண்ணாடியைச் சூடாக்கிக் கழற்ற வேண்டும். எந்தக் கருவியிலும் மின்கலம் உப்பியிருந்தால் அதோடு அதன் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது.

ஐந்தாம் படி: சேமிப்பகத்தின் தேய்மானத்தை அளந்து குறையுங்கள்

உள் சேமிப்பகமான இஎம்எம்சி சில்லு குறிப்பிட்ட முறைகள் மட்டுமே எழுதி அழிக்கப்படக் கூடியது. அது பலகையில் பற்றவைக்கப்பட்டிருப்பதால், தேய்ந்தபின் சாதாரணக் கருவிகளைக் கொண்டு மாற்ற முடியாது. நல்லவேளையாக, இஎம்எம்சி 5.0 தரம் முதலான சில்லுகள் தம் தேய்மானத்தைத் தாமே சொல்கின்றன. கெர்னலின் சிஸ்எஃப்எஸ் அடைவில், சேமிப்பகக் கருவியின் கீழ் 'லைஃப் டைம்', 'ப்ரீ இஓஎல்' என்னும் பெயர்களில் இரு கோப்புகள் இருக்கும். முதலாவதில் ஒன்று என்றால் ஆயுளில் பத்து விழுக்காட்டுக்குள் செலவாகியிருக்கிறது, இரண்டு என்றால் இருபதுக்குள், இப்படியே ஏறும். ஆங்கில எழுத்து பி வந்தால் மதிப்பிட்ட ஆயுள் கடந்துவிட்டது. இரண்டாவதில் ஒன்று இயல்பு, இரண்டு எச்சரிக்கை, மூன்று அவசரம். பழைய கருவியை வாங்கும்போது விற்பவரிடம் இந்த எண்களைக் கேட்பது, மின்கல நிலையைக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

தேய்மானத்தைக் குறைக்க மூன்று மாற்றங்கள் போதும். கோப்பைப் படிக்கும்போது நேரத்தைப் பதியும் வழக்கத்தை, சேமிப்பகத்தை இயங்குதளத்தோடு இணைக்கும் (மவுண்ட்) அமைப்பில் நிறுத்துங்கள். கணினிப் பதிவேடுகளை ரேமில் மட்டும் வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். உலாவியின் தற்காலிகக் கோப்புகளையும் ரேமுக்கே திருப்புங்கள், அல்லது அவற்றின் அளவைச் சுருக்குங்கள். அத்துடன், 16 ஜிபி சேமிப்பகத்தை விளிம்புவரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுவைத்தால், சில்லின் உள் நிர்வாகம் தேய்மானத்தைப் பரவலாகப் பங்கிட முடியும். எல்லா லினக்ஸுக்கும் பொதுவான ஃப்ளாட்பேக் முறை வழியாக நிறுவும் செயலிகள் தமக்கான அடித்தளத் தொகுப்புகளையும் சேர்த்து இறக்கி ஒரு ஜிபிக்கு மேல் விழுங்குவதுண்டு. சிறிய சேமிப்பகத்தில் இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளரையே நம்புங்கள்.

பைன்ஃபோனில் இங்கே ஓர் அரிய வசதி உண்டு. அதன் பிராசசர் எப்போதும் மைக்ரோஎஸ்டி அட்டையை முதலில் பார்த்துவிட்டுத்தான் உள் சேமிப்பகத்துக்குப் போகும். உள் சில்லு முற்றிலும் பழுதானாலும், அட்டையிலிருந்து கருவியை ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். லிப்ரம் 5 அட்டையிலிருந்து தொடங்காது. அதில் உள் சேமிப்பகத்தைக் காப்பாற்றுவது இன்னும் முக்கியம். எந்தக் கருவியானாலும், வீட்டுக் கோப்புறையை வாரம் ஒருமுறை வேறு கணினிக்கு நகலெடுக்கும் வேலையைத் தானியங்கி ஆக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: துளை, திரை, உதிரி

யுஎஸ்பி துளைதான் கைபேசியில் மிக அதிகமாக இழுபடும் உறுப்பு. அது முதன்மைப் பலகையில் இருக்கிறதா, தனிச் சிறுபலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பைன்ஃபோனில் அது மாற்றக்கூடிய சிறுபலகையில் இருக்கிறது. என்900-க்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. வெளித்திரை, விசைப்பலகை எனத் துளையை வைத்து மேசைக்கணினிபோல் பயன்படுத்துபவர்கள், மின்னேற்றத்துக்கும் அதே துளையை நம்ப வேண்டியிருப்பதால், சிறிய நீட்டிப்பு வடம் ஒன்றை நிரந்தரமாகச் செருகி அதன் மறுமுனையை மட்டும் கழற்றி மாட்டுவது நல்லது. பைன்ஃபோனின் தொடக்ககாலத் தொகுதிகள் சிலவற்றில் பலகையிலேயே இருந்த வடிவமைப்புக் குறையால் வெளித்திரை இணைப்பு வேலை செய்யாது, 1.2ஏ பலகையிலிருந்து அது திருத்தப்பட்டது. பழையதை வாங்கினால் பலகைப் பதிப்பு எண்ணைக் கேளுங்கள்.

திரை எல்சிடி என்றால் மங்கினாலும் சீராக மங்கும். ஓஎல்இடி என்றால், எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் மேற்பட்டையின் சுவடு நாளடைவில் பதிந்துவிடலாம். கருமையான பின்னணியும் விரைவாக அணையும் அமைப்பும் அதைத் தள்ளிப்போடும்.

உதிரிகளை எப்போது வாங்குவது என்பதில் தயங்காதீர்கள். பைன்ஃபோன் ப்ரோவின் உற்பத்தி நிறுத்தப்பட்டதை பைன்64 2025-இல் அறிவித்தது. ஒரு கருவியின் உற்பத்தி நின்றபின் உதிரிகள் கையிருப்பு தீரும்வரைதான் கிடைக்கும். கைபேசியை வாங்கும்போதே ஒரு மின்கலம், ஒரு திரை, துளைச் சிறுபலகை இருந்தால் அதில் ஒன்று என்று எடுத்துவைத்தால் போதும். இவற்றில் மின்கலம் மட்டும் அலமாரியிலும் மூப்படையும் என்பதால், அதைப் பாதி மின்னேற்றத்தோடு வைத்து ஆறு மாதத்துக்கொரு முறை பாருங்கள். பலகைச் சுற்றுப்படங்கள் வெளியிடப்பட்டிருப்பது பைன்ஃபோன், லிப்ரம் 5 இரண்டுக்கும் உள்ள பெரிய பலம். பற்றவைப்புப் பணி அறிந்த ஒருவரிடம் படத்தோடு போனால், முடியாது என்று திருப்பியனுப்பப்படும் வாய்ப்பு குறைவு.

ஏழாம் படி: ஓய்வின் வரிசையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்

ஆண்டுக்கொரு முறை, இயங்குதளத்தின் பெரிய புதுப்பிப்பை ஏற்றும் நாளிலேயே, மேற்சொன்ன சோதனைகளைச் சுருக்கமாகத் திரும்பச் செய்யுங்கள்: 4ஜி மட்டும் வைத்து ஓர் அழைப்பு, ஓரிரவு உறக்கம், சேமிப்பகத்தின் இரு எண்கள், துளையின் இறுக்கம். புதுப்பிப்பை உள் சேமிப்பகத்தில் ஏற்றும் முன், அட்டையிலிருந்து தொடங்கும் கருவிகளில் அதை முதலில் அட்டையில் ஏற்றிச் சோதியுங்கள். வெளியீடு வந்த முதல் வாரத்திலேயே பாய வேண்டியதில்லை. அன்றாடக் கைபேசிக்கு நிலையான கிளையே ஏற்றது.

மோடம் முதலில் கைவிட்டால், கருவியிலிருந்து சிம்மை எடுத்துவிட்டு வைஃபையில் இயங்கும் குறிப்பேடாகவோ வழிகாட்டி வரைபடக் கருவியாகவோ வைத்துக்கொள்ளலாம். பைன்ஃபோனில் பின்மூடியின் கீழுள்ள சிறு சுவிட்சால் மோடத்தின் மின்னையே துண்டித்துவிட்டால் மின்கலம் கூடுதலாக உழைக்கும். ரேம் முதலில் போதாமல் போனால், உலாவியைக் கைவிட்டு முனையத்தில் இயங்கும் செயலிகளுக்கு நகரலாம், அல்லது இசை, கோப்புப் பகிர்வு போன்ற ஒற்றை வேலைக்கு ஒதுக்கலாம். சேமிப்பகம் கைவிட்டால் அட்டைக்குப் போகலாம். கெர்னல் ஆதரவு நின்றால் மட்டும் இணையத்திலிருந்து துண்டித்துவிடுவதே சரி.

சிறு சர்வராக மாற்ற எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்நேரமும் மின்னோடு இணைந்திருக்கும் கைபேசியின் மின்கலம் முழு அளவிலேயே நின்று, மாதக் கணக்கில் சூடேறி உப்பக்கூடும். மின்னேற்ற வரம்பை 60 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். அதற்கு டிரைவர் இடம் தராவிட்டால், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் மின் தரும் நேரக்கருவியைச் சுவர் இணைப்பில் மாட்டுங்கள். பின்மூடியை மாதம் ஒருமுறை கழற்றி, மின்கலம் தட்டையாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.